ஓரக்குறிப்பு கவிதை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'பழைய மாலுமியின் பாடல்' பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. அடுத்த முறை, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். 'பறவையைக் கொல்லாதே, இயற்கையை நேசி. கவிதையின் சாரம் இதுவே, ரொமாண்டிசிசத்தின் (உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்திய இலக்கிய இயக்கத்தின்) சாரமும் இதுவே' என்கிறார் கட்டுரையாளர். அவ்வளவுதானா? அதற்கு ஏழு பகுதி எதற்கு? வனத்துறையின் அறிவிப்புப் பலகை ஒன்று போதுமே.

தங்களுக்குத் தெரியாததில்லை. மாலுமி அல்பட்ராஸ் என்ற கடற்பறவையை ஏன் கொன்றான் என்று செய்யுளில் ஒரு சொல் கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு வந்த பறவை, தீனி தின்று பழகிய பறவை. திடீரென்று 'குறுக்குவில்லால் எய்துவிட்டேன்' என்கிறான். முதல் பகுதி அதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் நாலாம் பகுதியில், நீலமும் பச்சையும் கருப்புமாக நெளிகிற நீர்ப்பாம்புகளைத் தன்னையறியாமல் வாழ்த்துகிறான். கப்பலில் இருந்தவர்கள் அவன் கழுத்தில் மாட்டிவிட்ட அந்தச் செத்த பறவை நழுவிக் கடலில் விழுகிறது. கொன்றதற்கும் காரணம் இல்லை, வாழ்த்தியதற்கும் இல்லை. காரண காரியத்துக்குப் பிடிபடாத அந்த இருட்டில்தானே ஐயா ரொமாண்டிசிசம் இருக்கிறது? கவிதையில் நீதிபோதனையே இல்லையே என்று அக்காலத்துக் கவிஞர் பார்பால்ட் அம்மையார் குறைப்பட்டபோது, நீதிபோதனை கூடிப்போனதுதான் குறை என்றவர் கோல்ரிட்ஜ்.

இந்த வியாதி உங்கள் இதழோடு பிறந்ததில்லை, சரி. பல வருடங்களுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாள் என் கைக்கு வந்தது. 'ஏன் கொன்றான் என்பது அவனுக்கே தெரியவில்லை. அதனால்தான் ஆள் ஆளாகப் பிடித்து நிறுத்திக் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறான்' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. ஐந்துக்கு ஐந்து போட்டேன். விடைக்குறிப்பில் 'இயற்கைக்கு இழைத்த கொடுமை' என்றுதான் இருக்கிறது என்றார் மேலே இருந்தவர். ஐந்தை அடித்துவிட்டு இரண்டு போட்டதும் என் கைதான். பக்கத்தில் சுருக்கொப்பம் வேறு.

கட்டுரைக்குப் போட்ட படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கடற்காக்கை. அல்பட்ராஸில் பெரிய வகை இறக்கையை விரித்தால் பத்தடி தாண்டும். முன்பு ஒரு தடவை கவிஞர் கீட்ஸ் பற்றிய கட்டுரைக்கு வேறு யாரோ ஒருவர் படத்தைப் போட்டீர்கள்; எழுதினேன், பதில் இல்லை. நாற்பது வருட வாசகனுக்கு ஒரு அஞ்சலட்டை கூடவா மிச்சமில்லை?

கேட்பது ஒன்றே ஒன்று. ஓரக்குறிப்புகளோடு, அதாவது செய்யுளின் பக்கவாட்டில் கோல்ரிட்ஜே எழுதிய உரைநடை விளக்கங்களோடு, கவிதை 1798இல் வெளியானதாகக் கட்டுரை சொல்கிறது. 1798இல் ஆசிரியர் பெயர் போடாமல் வந்த 'லிரிக்கல் பாலட்ஸ்' கவிதைத் தொகுப்பின் முதல் பதிப்பில் அந்தக் குறிப்புகள் இல்லை. கோல்ரிட்ஜ் அவற்றைச் சேர்த்தது 1817இல். பறவையை 'நற்சகுனம்' என்றும் கொன்றதைக் குற்றம் என்றும் அடித்துச் சொல்வது அந்த ஓரம்தான். உங்கள் கட்டுரையாளர் ஓரத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது. ஆண்டைத் திருத்தி இரண்டு வரி போட்டால் போதும்.

இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல வெட்டுவதென்றால் கடற்காக்கையை எடுத்துவிடுங்கள். விடைத்தாள் பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
திருச்சி.