பெயரை அழித்துவிட்டால் போதுமா?

அன்புள்ள வசந்தி,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே என் கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மாணவர் தரவு முழுவதையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்க வேண்டுமாம்.

“பெயரை அழித்துவிட்டுப் போட வேண்டியதுதானே” என்று போனில் கேட்டாயே, நானும் அப்படித்தான் நினைத்தேன். பெயர், பதிவெண் இரண்டையும் நீக்கிவிட்டு எக்செலைத் திறந்தேன். ஒரு வரியில் நாற்பது வயதைத் தாண்டிய பெண், ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்... சரி, இதற்கு மேல் எழுதினால் யாரென்று உனக்கே தெரிந்துவிடும், நீயும் இந்த மாணவர்கள் படிக்கும் இடத்தில் படித்தவள்தானே. அவர் எதில் ஃபெயில் என்பதும் அதே வரியில்தான் இருக்கிறது.

இன்னும் கவனமாகச் செய்து பார்த்தவர்களும் உண்டு. 2014-இல் ஹார்வர்டு, எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் என்ற இணைய வகுப்புத் தளத்தில் நடத்திய 16 பாடங்களின் தரவை வெளியிட்டன. எந்த வரியை எடுத்தாலும் அடையாள விவரங்களில் அதைப் போலவே இன்னும் நாலு வரியாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்து, தனித்துத் தெரிந்தவர்களைக் கழித்தார்கள். தனித்துத் தெரிவது யார்? நிறையப் பாடம் எடுத்தவர்கள், விவாதத்தில் ஓயாமல் எழுதியவர்கள். அவர்கள் போனதும் சான்றிதழ் பெற்றோரின் விகிதமே இறங்கிவிட்டது. இப்படிக் கழித்த தரவை வைத்து, முழுத் தரவில் செய்த ஆய்வைத் திரும்பச் செய்தால் வேறு விடைதான் வரும். இத்தனை செய்தும், 2022-இல் அலோனி கோஹன் என்ற ஆய்வாளர் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தின் பக்கங்களோடு ஒப்பிட்டு மூன்று பேரை அடையாளம் கண்டுவிட்டார்!

“மூடி வைத்தால் நீ சொல்வது சரியா என்று எப்படிப் பார்ப்பது?” என்கிறார் என் கைடு. அதுவும் நியாயம்தான். 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது பாதியில்கூட முன்பு சொன்ன முடிவு திரும்ப வரவில்லை. ஆனால் அந்தப் பெண் வகுப்பில் என் ஆய்வுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது ஊருக்கே காட்டச் சம்மதிக்கவில்லையே.

அதனால் இதழாசிரியருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: கணக்குப் போட்ட கணினி நிரல் (கோட்) முழுவதும் பொதுவில். அதோடு, அசலில் உள்ள அதே தலைப்புகளின் கீழ் கற்பனை விவரங்களை நிரப்பிய போலித் தரவு. அசல் வேண்டுவோர் விண்ணப்பித்து, எழுத்தில் ஒப்புக்கொண்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னும் பதில் இல்லை.

உனக்குப் போலித் தரவையும் கோடையும் அனுப்புகிறேன். உன் கணினியில் ஓடுகிறதா என்று பார். என் கணினியில் மட்டும் ஓடினால் வெட்கக்கேடு. அப்புறம், அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரத்துக்கு விடு.

அன்புடன்,
கலா