விழுந்த பல்லைப் பேப்பரில் மடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகள் தொடங்கும் நேரம் இது, அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளையாடும்போது ஒரு பிள்ளைக்கு முன்பல் வேரோடு வந்துவிட்டால், அதே பல்லைத் திரும்ப அதே குழியில் வைக்கலாம், சீக்கிரம் வைத்தால் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் நான் பேசிப் பார்த்த பெற்றோர், ஆசிரியர் யாருக்குமே இது தெரிந்திருக்கவில்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கோகோ பயிற்சியில் கம்பத்தைப் பிடித்துத் திரும்புகிற வேகத்தில் வாய் கம்பத்தில் மோதி, மேல்வரிசையில் நடுப்பல் ஒன்று அப்படியே கழன்று மண்ணில் விழுந்துவிட்டது. அவள் தோழி அதைத் தேடி எடுத்து, குழாயில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நோட்டுப் பேப்பரில் மடித்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் பக்கத்தில் பத்திரமாக வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் அக்கறையை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன், ஆனால் பல்லுக்குக் கெட்டது அந்தத் தேய்த்த இடத்திலும் காய்ந்த நேரத்திலும்தான். முதலில் போன கிளினிக்கில் "பல் போனது போனதுதான், புண் ஆறட்டும், அப்புறம் பல் கட்டிக்கலாம்" என்று ரத்தத்தை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பாட்டி, பால்பல் விழுந்தால் செய்கிற மாதிரியே, சாணியில் வைத்துக் கூரை மேல் போட்டுவிடு என்றார். சாயங்காலம் வேலூரில் வேறொரு பல் டாக்டரிடம் போனபோதுதான் அவர், "பல் எங்கே, கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பல்லின் வேரைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதில் உள்ள உயிரணுக்கள்தான் பல்லை எலும்போடு பிடித்துவைக்கின்றன. பல் வெளியே வந்து காய ஆரம்பித்தால் அவை சாகத் தொடங்குகின்றன, ஒரு மணி நேரம் காய்ந்தே கிடந்தால் பிழைக்கவே வழியில்லை. தேய்த்தால் அந்தச் சவ்வு உரிந்து போகிறது. சும்மா தண்ணீரில் ஊறப்போட்டாலும் அணுக்கள் ஊதி வெடித்துவிடுமாம். பால் அவற்றுக்கு நன்றாக ஒத்துப்போகும், பாலில் இருந்தால் இன்னும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சர்க்கரை போடாத, ஆறின பால், ஆவின் பாக்கெட் பால் போதும். சைடில் டீக்கடை இல்லாத பள்ளிக்கூடம் நம் ஊரில் ஏது?

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ தலையில் அடிபட்டிருக்கலாம், அப்போது பல்லை விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படி இல்லை என்றால் பல்லைத் தேடுங்கள், வேரைத் தொடாமல் வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ அலசுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் தண்ணீரில் சில நொடி காட்டினால் போதும். தைரியம் இருக்கிறவர்கள் முன்பக்கம் முன்பக்கமாக இருக்கிறதா என்று பார்த்து அங்கேயே குழிக்குள் மெதுவாக அழுத்தி வைத்து, சுத்தமான கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகலாம், உண்மையில் அதுதான் மிகச் சிறந்த வழி. கை நடுங்கினால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். பாலும் இல்லையா, பிள்ளையின் எச்சிலையே ஒரு கப்பில் துப்பச்சொல்லி அதில் பல்லைப் போடுங்கள். மண்ணில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி பற்றியும் கேளுங்கள். சின்னக் குழந்தைகளின் பால்பல்லுக்கு மட்டும் இதைச் செய்யவே கூடாது, உள்ளே வளர்கிற நிரந்தரப் பல் கெட்டுப்போகும். பல் பாதி உடைந்திருந்தால் அந்தத் துண்டையும் எடுத்துப் போங்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடுகிறார்கள்.

மலைப்பக்கத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. பீஞ்சமந்தையிலோ ஒடுகத்தூர் பக்கத்திலோ ஒரு பையனுக்குப் பல் விழுந்தால் வேலூர் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். அங்கே பல்லைக் காப்பாற்றப்போவது டாக்டர் இல்லை, பக்கத்தில் நிற்கிற பி.டி. டீச்சரும் ஒரு டம்ளர் பாலும்தான்.

என் மகளுக்கு நேரம் கடந்திருந்தும் அந்த டாக்டர் பல்லைத் திரும்ப வைத்தார். இது நிரந்தரம் இல்லை, சில வருடம் நிற்கலாம், ஆனால் பல் இருந்தால் அந்த இடத்து எலும்பு கரையாமல் இருக்கும் என்று முதலிலேயே உடைத்துச் சொன்னார். பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டிவைத்தார், அதற்குள் ரூட் கெனாலையும் தொடங்கிவிட்டார். கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், மிருதுவான பிரஷ், வாய் கொப்பளிக்க மருந்து என்று ஓடியது. இப்போது பதினொன்றாம் வகுப்பு. எதிர்பார்த்தபடியே பல் எலும்போடு ஒட்டிப்போயிருக்கிறது, கருவியால் தட்டினால் மற்ற பற்களில் வராத ஒரு கணீர் சத்தம் வருகிறது. தாடை வளர வளர மற்ற பற்கள் இறங்கிவர, இது மட்டும் இருந்த இடத்திலேயே நிற்பதால் கொஞ்சம் குட்டையாகத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் பெற்றோர்கள் ஏமாறக் கூடாது. ஓரிடத்தில் "பல்லைப் பிடுங்கிட்டு உடனே இம்ப்ளான்ட் வைச்சிடலாம், ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றார்கள். பதினைந்து, பதினாறு வயதில் அதைச் செய்யக் கூடாது. இம்ப்ளான்ட் என்பது எலும்பில் திருகுகிற உலோகம், பிள்ளையோடு சேர்ந்து அது வளராது, சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் மேலே ஏறின மாதிரி தெரியும், அதைச் சரிசெய்வது பெரிய பாடு. வளர்ச்சி முடிந்துவிட்டதா என்று இடைவெளி விட்டு எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கே பதினேழு பதினெட்டு ஆகும், பையன்களுக்கு இருபதைத் தாண்டும். இன்னொருவர் இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவி, அவற்றின் மேல் பிடித்து நிற்கிற செயற்கைப் பல்லான பிரிட்ஜ் போடலாம் என்றார். ஒரு குறையும் இல்லாத இரண்டு பற்களை, அதுவும் உள்ளே நரம்பு பெரிதாக இருக்கிற இந்த வயதில், எதற்காக ராவ வேண்டும்?

அதுவரைக்கும் என்ன செய்வது என்றால் வழிகள் இருக்கின்றன. கழற்றி மாட்டுகிற பல் செலவு குறைவு, சாப்பிடும்போது தொந்தரவு. பக்கத்துப் பல்லின் பின்பக்கத்தில் சிறகு மாதிரி ஒட்டுகிற மேரிலேண்ட் பிரிட்ஜ், பல்லை அதிகம் ராவாமல் செய்யலாம், எப்போதாவது கழன்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பற்கள் நெருக்கமாக இருக்கிற சில பிள்ளைகளுக்குக் கம்பி போட்டு இடைவெளியையே மூடிவிடுகிறார்கள். எங்களுக்கு இப்போது சொல்லியிருப்பது, ஒட்டிப்போன பல்லின் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவது, அது மெல்லக் கரைந்து எலும்பாக மாறும், எலும்பின் அகலமும் குறையாது, மேலே மேரிலேண்ட் பிரிட்ஜ், வயது வந்த பிறகு இம்ப்ளான்ட். நாங்கள் அதற்குத்தான் சம்மதித்திருக்கிறோம். ஒரே இடத்தில் கேட்டு முடிவெடுக்காதீர்கள், சிஎம்சியிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது, போய் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் வலியை விட என் பெண்ணை வாட்டியது பேச்சுகள்தான். குரூப் போட்டோவில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள், சிரிப்பு வந்தால் துப்பட்டாவால் மறைக்கிறாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "பொம்பளைப் பிள்ளைக்கு முன்பல்லா போகணும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்ன சொல்றது" என்று அவள் காதுபடவே கேட்கிறார்கள். அவளுக்குப் பதினாறு வயது, அவள் கவலை கோகோ அணியில் திரும்ப இடம் கிடைக்குமா என்பது. தயவுசெய்து அந்தப் பேச்சை நிறுத்துங்கள். விளையாட்டையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவள் மறுபடி ஆடுகிறாள், பல்லைக் காக்க வாயில் மாட்டுகிற மவுத் கார்டு போட்டுக்கொண்டு.

மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பள்ளிகளின் முதலுதவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் "விழுந்த பல்: வேரைத் தொடாதே, தேய்க்காதே, பாலில் போடு, உடனே டாக்டர்" என்று தமிழில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள், அதற்குச் செலவே கிடையாது. கபடி, கோகோ, ஹாக்கி அணிகளுக்கு ஜெர்சி வாங்கும்போதே மவுத் கார்டும் வாங்கச் சொல்லுங்கள். பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கு எந்த முதலுதவிப் பெட்டியும் இல்லை, அவர்களுக்குப் பெற்றோர்தான் சொல்லிவைக்க வேண்டும், உங்கள் பேப்பரில் வந்தால் இன்னும் நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.