விந்துக் குச்சிக்குக் கிடைக்கும் குளிர் கல்லீரலுக்கும் வேண்டும்

வேலூர் மாவட்டத்துக் கால்நடை மருந்தகங்களுக்குத் திரவ நைட்ரஜன் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். லாரி மோதிச் செத்த சினைப்பசுவின் கருக்கன்றிலிருந்து எடுத்த கல்லீரல், இந்த முறையும் திசுவை அழுகாமல் வைக்கும் பார்மலின் மருந்து பாட்டிலில்தான் வந்தது. கருக்கன்றின் கல்லீரலில் மரபணுக்கள் மாதத்துக்கு மாதம் எப்படி மாறி வேலை செய்கின்றன என்று பார்க்க, திசுவை உடனே உறைய வைக்கத் திரவ நைட்ரஜன் கேட்ட எங்கள் மனு உங்கள் மேசையில் இருக்கிறது, விவரம் தெரியும்.

திசுவை நுண்ணோக்கியில் பார்க்க பார்மலின் போதும். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, அதாவது மரபணு வெளிப்பாட்டை, அளக்க மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. முழுசாக வேண்டும், பார்மலின் அதைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடுகிறது. ஐஸ் பெட்டியும் கைகொடுக்காது. உள்ளங்கை அகலத் துண்டின் நடுப்பகுதி குளிர்வதற்குள் கல்லீரலின் சொந்த நொதிகளே ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடும், அதுவும் அக்னி நட்சத்திரத்தில்.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். இடையில் பல மாதம் கருக்கன்றின் கல்லீரல்தான் ரத்த அணுக்களை உண்டாக்கும் இடம். அந்த அணுக்களின் மரபணுக்களே ஓங்கித் தெரியும். பிறகு அந்த வேலை எலும்பு மஜ்ஜைக்குப் போக, கருவின் கல்லீரல் சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதத்தின் மரபணு அடங்குகிறது. ஈனும் நாள் நெருங்கி கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும்போது, குளுக்கோஸ் தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்கள் முடுக்கம் பெறுகின்றன. தொப்புள்கொடி அறுந்ததும் தாயின் சர்க்கரை நின்றுவிடுமே! ஆகவே கருவின் வயதைக் காட்டும் நீளத்தை, உச்சந்தலை முதல் வாலடி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று குறிக்காமல், 'கரு' என்று மட்டும் சீட்டு ஒட்டி அனுப்பினால் எந்த மாதத்துக் கல்லீரல் என்று எதை வைத்துச் சொல்வது?

கேட்பது பெரிதல்ல. சினை ஊசிக்கான விந்து அடைத்த குச்சிகளை உறைநிலையில் வைக்கும் நைட்ரஜன் வரும்போது, மருந்தகத்துக்கு ஒரு லிட்டர் தனிக் குடுவையில் ஊற்றித் தாருங்கள். விந்துக் குச்சி இருக்கும் கலனில் கை வைக்க வேண்டாம். அதை அடிக்கடி திறந்தால் குச்சி கெடும் என்ற உங்கள் கவலை நியாயமானதே. அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாத துண்டுகளாக நறுக்கி, குழாயில் போட்டு, பசு செத்த அரை மணி நேரத்துக்குள் குடுவையில் இறக்கினால் முடிந்தது. கருச்சிதைந்த கன்று வேண்டாம். வயிற்றுக்குள்ளேயே செத்துக் கிடந்ததில் ஆர்.என்.ஏ. மிஞ்சாது, கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி பயம் வேறு.

தண்ணீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். மைனஸ் 196 டிகிரி குளிர் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தும் திசு அழுகும் மருந்தகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

கோபத்தில் எழுதியதற்கு மன்னிக்கவும். அடுத்த லோடு வரும்போது குடியாத்தம், அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு மூன்றுக்கும் மட்டுமாவது அந்த ஒரு லிட்டரை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்நடை மரபணு ஆய்வில் உள்ளோர், வேலூர்