முருகேசனுக்கு, மலைத் தோட்டத்து வண்டி பற்றி

குன்னூர்

அன்புள்ள முருகேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணாடி போட்டுப் பேப்பர் படிக்கிறார், உன்னையும் விசாரித்தார். தாண்டிக்குடித் தோட்டத்துக்கு நீ வண்டி பார்ப்பது ரொம்ப சந்தோஷம்.

மாருதியின் ஜிம்னி, கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப் (நாலு சக்கரமும் இழுக்கும் விட்டாரா), இரண்டிலும் நாலு சக்கரமும் இழுக்கும்போது என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தாய். நிறைய இருக்கிறது.

ஜிம்னி பழைய ஜீப் வழி. சாதாரணமாகப் பின் சக்கரங்கள்தான் இழுக்கும். லீவரை ஃபோர் ஹை என்ற நாலு சக்கர நிலைக்குத் தள்ளினால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும் தண்டுகள் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். சேற்றில் இது பெரிய பலம். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் போடவே கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அகலமாகச் சுற்றி வருவதால் அதிக தூரம் ஓடியாக வேண்டும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, டயர்தான் வழுக்கிச் சரிக்கட்ட வேண்டும். சேறு வழுக்க விடும், தார் விடாது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கனத்து, டயர் தேய்ந்து முனகும். அப்புறம் லீவரும் சிக்கிக்கொள்ளும், கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால்தான் விடுபடும்.

கிராண்ட் விட்டாராவில் முன் சக்கரங்கள்தான் முக்கியமாக இழுக்கும். அவை வழுக்கினால் கம்ப்யூட்டரே ஒரு கிளட்சை இறுக்கிப் பின்னாலும் சக்தி அனுப்பும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். மழையில் மலை ஏற இது அருமை. ஆனால் ஜிம்னியில் இருக்கும் ஃபோர் லோ, அதாவது மெதுவாக அதிக பலத்தோடு இழுக்கும் கியர், இதில் கிடையாது. இந்த வகைக் கிளட்ச் ஆழமான சேற்றில் ரொம்ப நேரம் திணறினால் சூடாகிவிடும்.

உனக்கு அந்த ஃபோர் லோதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மிளகு மூட்டையோடு செங்குத்தாக இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கும். பிரேக்கை மட்டும் நம்பினால் நனைந்த களிமண்ணில் சக்கரம் வழுக்கிவிடலாம். நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக எந்த வண்டியும் சீக்கிரம் நிற்காது, இதை டிரைவர் தம்பிக்கும் சொல்லி வை.

தோட்டத்துப் பாதை இன்னும் மண்தானா, இல்லை காங்கிரீட் போட்டாயிற்றா? போட்டாயிற்று என்றால் என் பதிலே மாறும், விட்டாராவே போதும். பார்த்து எழுது.

அன்புடன்,
சுந்தரம்