உயரத்தை அளந்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வென்டிலேட்டர் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உயிர் காக்கும் கருவியே நுரையீரலைப் புண்ணாக்கவும் கூடும் என்பதை மூடி மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனால், 'நோயாளியின் எடைக்கேற்பக் காற்று செலுத்தப்படும்' என்ற வரியைப் படித்ததும் சுருக்கென்றது. சென்னையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான்.

ஓர் இரவுப் பணியில், வேறோர் இடத்திலிருந்து நிமோனியா முற்றிய ஓர் அம்மாளை அழைத்து வந்தார்கள். குள்ளமான, பருத்த உடம்பு. கூடவே வந்த தாளில் எடை 78 கிலோ. கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் காற்று என்று அதைப் பெருக்கி, மூச்சுக்கு 470 மில்லி என்று போட்டிருந்தார்கள். அழுத்தம் கூடிவிட்டதென்று கருவி ஓயாமல் கத்தியது. மகனிடம் அம்மாவின் உயரம் என்ன என்றேன். "என் தோளுக்கு வருவார்கள் சிஸ்டர்" என்றார், பாவம். என் பையில் எப்போதும் ஒரு தையல் டேப் இருக்கும். உச்சி முதல் குதிகால் வரை அளந்தோம். 150 செ.மீ.

ஆள் பருத்தால் நுரையீரல் பருப்பதில்லையே! அதன் கொள்ளளவு உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. அதனால்தான் உயரத்திலிருந்து ஓர் எடையைக் கணக்கிட்டு, அந்த எடையில் கிலோவுக்கு 6 மில்லி வைக்கிறார்கள். 150 செ.மீ. பெண்ணுக்கு அந்த எடை 43 கிலோ சொச்சம். அப்படியானால் மூச்சுக்கு 260 மில்லிதான். அதுவரை போனது ஏறக்குறைய இரு மடங்கு, அதுவும் நிமிடத்துக்கு 20 தடவை. மருத்துவர் அளவைக் குறைத்து, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டினார். ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறியது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கருவி கத்துவதும் நின்றது.

நோயுற்ற நுரையீரலில் பெரும்பகுதி நீர் கோத்துக் கிடக்கும். உள்ளே வரும் காற்றெல்லாம் மிச்சமிருக்கும் நல்ல பகுதியில்தான் போய் முட்டும். அங்கே காற்றுப்பைகள் அளவுக்கு மீறி விரியும். ஓரத்தில் இருப்பவை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டி ஒட்டிப் பிரியும். இழுபட்ட செல்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்கும். கிருமியே இல்லாமல் கிளம்பும் அழற்சி இது. ரத்தத்தில் கலந்து மற்ற உறுப்புகளையும் தொடும். "மூச்சுக்குத்தானே சேர்த்தோம், கிட்னி எப்படிக் கெட்டது?" என்று வராந்தாவில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! எல்லாப் பழியையும் கருவி மேல் போட மாட்டேன். வந்த நோயும் அந்த வேலையைச் செய்யும்.

இது என் அனுபவக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 861 நோயாளிகளை வைத்து நடந்து, 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி பெற்றவர்களில் 100க்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி பெற்றவர்களில் 31 பேர். புது மருந்து எதுவும் கிடையாது, கருவியில் குமிழைத் திருப்பியதுதான் வித்தியாசம். இன்டர்லூக்கின்-6ம் 6 மில்லி பெற்றவர்களுக்கே அதிகமாகக் குறைந்தது.

உங்கள் கட்டுரையைப் படித்த என் பக்கத்து வீட்டுக்காரர், "எனக்கு ஏதாவது ஆனால் மிஷினில் மட்டும் வைக்க விடாதீர்கள்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆஸ்துமாக்காரர் அவர். மிஷின் இல்லாவிட்டால் போகும் உயிரைப் பற்றி யார் அவருக்குச் சொல்வது? என் பங்குக்கு நான் ஒரு மணி நேரம் பேசினேன். பாதிதான் சமாதானமானார்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். வீட்டில் ஒருவரை வென்டிலேட்டரில் வைத்தால், "உயரத்தை அளந்தீர்களா?" என்று உறவினர்கள் கேட்கலாம், எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கால் மடங்கிக் கிடப்பவருக்கும் வழியுண்டு. முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளந்தே உயரத்தைக் கணித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வில்லிவாக்கம், சென்னை - 49