சுண்டை வேரில் தக்காளி

அன்பு மக்களே,

உன் பால்கனித் தக்காளிச் செடியில் பூவெல்லாம் உதிர்கிறது என்று நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செடிக்கு நோய் ஒன்றும் தெரியவில்லை. பூ உதிர்வது சார்ஜா சூட்டினால்தான். ராத்திரியும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்கத் திணறும். அங்கே ஆகஸ்டில் ராத்திரியே 30 டிகிரி. இதற்குப் போய் உரம் வாங்கிக் கொட்டாதே. செப்டம்பர் கடைசியில் புது விதை போடு. ஜனவரியில் பழம் பறிக்கலாம்.

உனக்குச் சூடு என்றால் எனக்கு வாடல் நோய். நம்ம தக்கலைப் பக்கத்து வெட்டுக்கல் மண் புளிப்பு மண். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று ஈரம் காயாது. வாடல் பாக்டீரியாவுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? காலையில் பச்சையாக நிற்கிற செடி மத்தியானம் துவண்டுவிடும், இலைகூட மஞ்சளாகாது. தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்தால் வெள்ளை நூல் மாதிரி இறங்கும். அப்படி இறங்கினால் அந்த இடத்தில் கத்தரி, மிளகாய்கூட வைக்கக் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம்.

அதனால் இந்தத் தடவை தக்காளியைச் சுண்டைச் செடியில் ஒட்டு வைத்தேன். வேலிப்பக்கம் நிற்கிற அதே சுண்டைக்காய்தான். அதன் வேரை இந்த நோய் லேசில் தொடாது. சுண்டை மெதுவாக வளரும் என்பதால் அதை முதலில் விதைத்து, பென்சில் முனை கனம் வந்ததும் தலையைக் கிள்ளி, பிளந்து, தக்காளித் தண்டை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, கிளிப் போட்டு நிழலில் மூடி வைத்தேன். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். புதைந்தால் தக்காளி தன் வேரை இறக்கிவிடும், நோயும் அந்த வழியாக ஏறிவிடும். சுண்டைத் தளிர் கீழே வெடித்தால் கிள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

மீன் குழம்புக்கு வாளம்புளி இருக்கும்போது தக்காளிக்கு இவ்வளவு பாடா என்று அப்பா கேட்கிறார். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாய் தாண்டினபோது அவர்தான் ரசத்தில் தக்காளியைத் தேடினார்.

உனக்கு ஒட்டுத் தேவையில்லை, பையில் வாங்கின மண்தானே. ஆனால் பால்கனியை முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறாய், காற்றே வராது. காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடு, மகரந்தம் உதிரும். தண்ணீரை ஒரு நாள் ஊற்றி இரண்டு நாள் மறக்காதே. காயின் அடி கறுத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். முந்திரிக்கொத்து கொடுத்தனுப்புகிறேன். மருமகனுக்கும் மிச்சம் வை.

அம்மா