நீல் இல்லாத ரஷ்: மல்லுக்கு நிற்கும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

2025 அக்டோபர் 6-ஆம் தேதி கனடாவின் ராக் இசைக்குழு ரஷ்ஷின் கெடி லீயும் (பாட்டு, பேஸ் கிட்டார்) அலெக்ஸ் லைஃப்சனும் (கிட்டார்) அந்த அறிவிப்பை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 11 வருடம் கழித்து ரஷ் மறுபடியும் சுற்றுப்பயணம் கிளம்புகிறது. 2026 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பம். டிரம்ஸில், 2020-இல் இறந்த நீல் பியர்ட்டின் இடத்தில், ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நிலெஸ். அன்றிலிருந்து நம் கூட்டம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஒரு பக்கம், "நீல் பியர்ட் இல்லாத குழுவுக்கு ரஷ் என்று எப்படிப் பெயர் வைக்கலாம்?" என்று கொதிக்கிறவர்கள். இன்னொரு பக்கம், டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில், "பிடிக்கலைன்னா வராதே" என்று ஒரே வரியில் அவர்கள் வாயை அடைக்கிறவர்கள்.

இந்தச் சுற்றுப்பயணம் நடக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனாலும் இந்த மடலை முதலில் கோபத்தில் இருப்பவர்களுக்கே எழுதுகிறேன். உங்கள் கோபத்துக்கு அடியில் இருக்கும் அன்பு எனக்கும் உண்டு. அந்தக் கோபம் போய் விழுகிற இடம்தான் சரியில்லை.

நீல் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாடல் வரிகளில் பெரும்பகுதி அவர் எழுதியவை. டிரம்ஸையும் அவர் பாட்டு எழுதுவது போலவே எழுதினார். எந்த ஃபில் (பாட்டின் இடைவெளியை நிரப்பும் டிரம்ஸ் அடி) எங்கே வர வேண்டும் என்று யோசித்து, செதுக்கி, இரவுக்கு இரவு அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பார். அதனால்தான் ரஷ் நிகழ்ச்சிகளில் வேறெங்கும் காணாத ஒன்றைப் பார்த்தோம். 'டாம் சாயர்' பாட்டில் கிட்டார் சோலோ முடிந்து அந்த டிரம்ஸ் வரிசை வரும்போது, அரங்கத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பேரும் கையைத் தூக்கிக் காற்றில் அடிப்பார்கள். ஒரு அடி பிசகாது. மற்ற குழுக்களின் ரசிகர்கள் பாட்டு வரிகளை மனப்பாடம் செய்வார்கள், நாம் டிரம்ஸை மனப்பாடம் செய்தவர்கள். அப்படிப்பட்ட கூட்டத்திடம் "வேறொருவர் வாசிப்பார்" என்று சொன்னால் மனசு ஆறாதுதான். ஒத்துக்கொள்கிறேன்.

சரி, இப்போது 2015 ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கு வாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கம், குழுவின் 40 வருடத்தைக் கொண்டாடிய ஆர்40 சுற்றுப்பயணத்தின் கடைசி இரவு. அந்தப் பயணத்தில் பாட்டு வரிசையைப் பின்னோக்கி அமைத்திருந்தார்கள். புதிய ஆல்பத்தில் தொடங்கி, வருடம் வருடமாகப் பின்னால் போய், ஆரம்ப காலத்தில் முடியும். மேடையும் கூடவே பின்னோக்கிப் போகும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பணியாளர்கள் வந்து ஒவ்வொரு பொருளாகக் கழற்றி எடுத்துப் போவார்கள். இடைவேளைக்குப் பிறகு நீலின் டிரம்ஸ் செட்டே மாறிவிடும், எழுபதுகளில் வாசித்ததைப் போன்ற இரட்டை பேஸ் டிரம் செட் வந்து நிற்கும். முடிவில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நாற்காலி மேல் ஆம்ப்ளிஃபையரை வைத்து வாசிக்கும் மூன்று பையன்களின் மேடையாக அது ஆகிவிடும். அந்த இரவு எல்லாம் முடிந்த பிறகு, வருடக்கணக்காக டிரம்ஸைத் தாண்டி மேடையின் முன்பக்கம் வராத நீல், எழுந்து வந்து இரண்டு நண்பர்களையும் அணைத்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பார்த்து அழாத ரசிகர் நம்மில் குறைவு.

அந்த இரவு நீல் கடைசியாக வாசித்த பாட்டு எது? 'வொர்க்கிங் மேன்'. 1974-இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டு. அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் நீல் இல்லை, ஜான் ரட்ஸி. ரஷ் என்ற பெயரையே ரட்ஸியின் சகோதரர்தான் சொன்னார் என்பது குழுவின் வரலாற்றைப் படித்த எல்லோருக்கும் தெரியும். 1968-இல் டொராண்டோவில் குழு தொடங்கியபோது நீல் அங்கே இல்லை. உடல்நிலையும் இசையில் கருத்து வேறுபாடும் சேர்ந்து ரட்ஸி விலகிய பிறகு, 1974 ஜூலையில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்க இரண்டே வாரம் இருக்கும்போது வந்து சேர்ந்தவர் அவர். தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு தேர்வுக்கு வந்த அந்த ஆளைப் பார்த்து லைஃப்சனுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. வாசிப்பைக் கேட்ட மாத்திரத்தில் கெடி லீ முடிவு செய்துவிட்டார். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ஆகியும் குழுவுக்குள் நீலுக்கு விளையாட்டுப் பெயர் "புதுப் பையன்" என்பதுதான்.

ஆக, இன்னொருவர் வாசித்த பாட்டை நீல் 41 வருடம் மேடையில் வாசித்தார். ரட்ஸி வாசித்தபடியே வாசிக்கவில்லை, தன் கையால் வாசித்தார். அதற்காக யாரும் அவரைப் பொய்யான ரஷ் என்று சொன்னதில்லை. ரட்ஸியையும் நீலையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாம் இன்று ரஷ் என்று நேசிப்பது நீல் வந்த பிறகு உருவானதுதான். ஆனால் "மூன்று பேர் இருந்தால்தான் ரஷ், அதுவும் இந்த மூன்று பேர்" என்ற சட்டம் அந்தக் குழு போட்டது இல்லை, நாம் போட்டது.

ஹார்ட் ராக் உலகில் இந்த விவாதம் புதிதும் இல்லை. 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்ததும் லெட் செப்பலின் அந்த டிசம்பரிலேயே கடையை மூடிவிட்டது. 2007 டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே ஒரு இரவு, பான்ஹமின் மகன் ஜேசன் டிரம்ஸில் உட்கார, ஒரு முழு நிகழ்ச்சிக்காக மறுபடி சேர்ந்தார்கள். அதோடு சரி. அதே 1980-இல் பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட்டை இழந்த ஏசி/டிசி, ஐந்தே மாதத்தில் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு புது ஆல்பம் வெளியிட்டது. இரண்டில் எதைத் தவறு என்பீர்கள்? என்னால் இரண்டையும் தவறு என்று சொல்ல முடியவில்லை. இழந்தவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது.

எனக்கு உறுத்துகிற மறுசேர்க்கைகள் வேறு மாதிரியானவை. உயிரோடு இருக்கும் ஆளை வெளியே நிறுத்திவிட்டு நடத்துகிறவை. 2007-இல் வான் ஹேலன் பழைய பாடகர் டேவிட் லீ ராத்தோடு சேர்ந்தபோது பேஸ் கிட்டார் வாசித்த மைக்கேல் ஆண்டனிக்கு அதில் இடம் இல்லை. அந்தப் பாடல்களின் கோரஸில் உயரத்தில் ஒலிக்கும் குரல் அவருடையது. பிளாக் சபாத்தில் நால்வரும் சேர்கிறோம் என்று 2011 நவம்பரில் அறிவித்தார்கள், சில மாதத்திலேயே ஒப்பந்தத் தகராறில் டிரம்மர் பில் வார்டு விலகினார், அவர் இல்லாமலே ஆல்பமும் சுற்றுப்பயணமும் நடந்து முடிந்தன. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில்தான் நால்வரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள். 17 நாளில் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்துபோனார். அங்கே ரசிகர்கள் கோபப்பட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது. கேட்டால் வரக்கூடிய மனிதர் வெளியே நின்றார். இங்கே நீலை யாரும் வெளியே நிறுத்தவில்லை. 2020 ஜனவரி 7-ஆம் தேதி மூளைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

"பணத்துக்காக நீலின் பெயரை விற்கிறார்கள்" என்று எழுதுகிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்த இரண்டு பேரும் நீலிடம் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். 1997-இல் நீலின் மகள் கார் விபத்தில் இறந்தாள், பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். தன்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நீல் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனார். எப்போது திரும்புவார் என்று தெரியாது, திரும்புவாரா என்றும் தெரியாது. அப்போது ஒரு புது டிரம்மரைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போக அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. காத்திருந்தார்கள். 2002-இல்தான் அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வந்தது. அப்புறம் 2015-இல் ஆர்40 வட அமெரிக்காவோடு நின்றுபோனபோது, இன்னும் நிறைய ஊர்களுக்குப் போக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை இருந்தது. நீலின் உடம்பு ஒத்துழைக்கவில்லை, வீட்டில் மறுமணத்தில் பிறந்த சின்ன மகள் இருந்தாள், அவர் போதும் என்றார். இவர்களும் விட்டுவிட்டார்கள். நோய் வந்த மூன்றரை வருடமும் அதை வெளியே சொல்லக் கூடாது என்று நீல் விரும்பினார். கேட்டவர்களிடமெல்லாம் மழுப்பி, பொய் சொல்லியாவது அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். அவர் இறந்த செய்தியே மூன்று நாள் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அப்படிக் கட்டிக் காத்த இரண்டு பேரை நீலின் துரோகிகள் என்று எழுத நமக்கு எப்படி மனசு வருகிறது?

நீல் பின்னாளில் மணந்த மனைவியும் அந்த மகளும் இந்தச் சுற்றுப்பயணத்துக்கு வெளிப்படையாகவே ஆதரவு சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் "நீல் இருந்திருந்தால் ஏற்றிருக்க மாட்டார்" என்று அவர் சார்பில் பேச நம்மில் யாருக்கும் உரிமை இல்லை. "நீல் சந்தோஷப்படுவார்" என்று பேசவும் எனக்கு உரிமை இல்லை.

முன்பு இருவரும் ரஷ் முடிந்தது என்று சொன்னார்களே என்கிறீர்கள். ஆமாம், பல முறை சொன்னார்கள், சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் மறைந்த ஃபூ ஃபைட்டர்ஸ் டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸின் நினைவு நிகழ்ச்சிகளுக்காக லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் மேடையேறினார்கள். வெவ்வேறு டிரம்மர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் கெடி லீயின் வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து, மறந்துபோன தங்கள் பாட்டுகளையே முதலிலிருந்து பழகத் தொடங்கினார்கள். பள்ளிக் காலத்திலிருந்து சேர்ந்து வாசிக்கும் நண்பர்கள், இருவருக்கும் 70 வயது தாண்டிவிட்டது. துக்கம் ஒரு வருடத்தில் ஒரு மாதிரி இருக்கும், ஐந்து வருடத்தில் வேறு மாதிரி இருக்கும். மனசு மாறியதை ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள்.

இப்போது அனிகா நிலெஸ் விஷயம். இந்த மடலை எழுத என்னை உட்கார வைத்ததே இதுதான்.

அவர் எங்கிருந்தோ திடீரென்று முளைத்து வந்தவர் இல்லை. ஆறு வயதில் டிரம்ஸ் பிடித்தவர், சொந்த ஆல்பங்கள் வெளியிட்டவர், ஒரு தாள அடியை ஐந்தாகப் பிரித்து அதில் குரூவ் (பாட்டை ஓட்டிச் செல்லும் தாளம்) கட்டுவதில் பெயர் வாங்கியவர். 2022-இல் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் சுற்றுப்பயணத்தில் வாசித்தார். அப்போது பெக்கிடம் வேலை செய்த, கெடி லீயின் பேஸ் கிட்டாரைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பக் கலைஞர்தான் இவரைப் பற்றி லீயிடம் சொன்னார். மேடைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு இரவும் கேட்ட ஒருவரின் சிபாரிசுக்கு என்னிடம் நிறைய மதிப்பு உண்டு.

அவருடைய பழைய வீடியோக்களைத் தேடி எடுத்து, நீலின் வாசிப்புக்குப் பக்கத்தில் வைத்து, இங்கே கனம் பத்தவில்லை, அங்கே அடி மெலிந்திருக்கிறது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். தன் சொந்த ஃபங்க், ஃப்யூஷன் பாட்டுகளை வாசிக்கும் ஒருவரிடம் ரஷ் ஏன் கேட்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? பெண் என்பதையே குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அது விமர்சனமே இல்லை, பதில் சொல்லி அதற்கு மரியாதை தர எனக்கு விருப்பமும் இல்லை. நீலே 40 வயதைத் தாண்டி, உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், டிரம்ஸ் ஆசிரியர் ஃப்ரெடி க்ரூபரிடம் மாணவராகப் போய் குச்சி பிடிக்கும் விதத்திலிருந்து மாற்றிக் கற்றுக்கொண்டார். தன் வாசிப்பையே முடிந்துபோனதாக அவர் நினைக்கவில்லை. அதை இன்னொருவர் தொடவே கூடாத கல்வெட்டாக ஆக்குவது நாம்தான்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நிகழ்ச்சியைக் கேட்ட பிறகு, பாட்டின் பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லி, எது சரியில்லை என்று சொல்லுங்கள். நானும் உட்கார்ந்து கேட்பேன். டிக்கெட் விலை பற்றிய கோபத்திலும் நான் உங்களோடுதான், அதை விற்பவர்களிடம் உரக்கக் கேளுங்கள். கேட்காத வாசிப்புக்காக ஒரு பெண்ணை முன்கூட்டியே கூண்டில் ஏற்றுவதை மட்டும் நிறுத்துங்கள்.

கொண்டாடுகிற நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வரமாட்டேன் என்கிறவர்களை விரட்டாதீர்கள். கடைசியாகப் பார்த்த ரஷ் நீலோடு இருந்ததாகவே மனதில் நிற்கட்டும் என்று ஒருவர் நினைத்தால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவரை உண்மையான ரசிகர் இல்லை என்று சொல்லும் உரிமை டிக்கெட்டோடு சேர்ந்து வருவதில்லை. சுற்றுப்பயணம் தொடங்கியதும் வீடியோக்கள் வரும். ஒரு ஃபில் தவறினாலும் அதை வெட்டி எடுத்துப் பரப்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்காமல், முழுப் பாட்டையும் பகிருங்கள். அரங்கத்துக்குப் போனால், அந்த டிரம்ஸ் வரிசை வரும்போது எப்போதும் போலக் கையைத் தூக்கி வாசியுங்கள். முடிந்ததும் அனிகாவுக்குச் சத்தமாகக் கை தட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு ரஷ் ரசிகர்